சனிக்கிழமை நவநாள்

என் கணவருக்கு மாதா பக்தி உண்டு. ஓர் இங்கிலாந்து இசைக்குழு மீதும் பக்தி உண்டு. போஸ்ட்-பங்க் இசை என்பார். பாடுகிறவர் வயிற்றுவலிக்காரர் மாதிரி முனகுவார். எனக்குத் தலையிடி வரும். ஆனால் அவர்களுடைய ஆரம்ப காலப் பாட்டு ஒன்று போகும்போது மட்டும் நான் வாயைத் திறப்பதில்லை. கனடாவுக்கு வருமுன் அவர் இங்கிலாந்தின் வடபகுதியில் அகதியாக இருந்தவர். ஆங்கிலம் பிடிபடாத முதல் குளிர்காலத்தில், மேல்மாடியில் இருந்தவன் அந்தப் பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போடுவானாம். சொற்கள் விளங்கவில்லை. பேஸ் கிற்றார் மட்டும் கூரை வழியே இறங்கி வரும். அது கேட்கிற நேரமெல்லாம் அறையில் தான் தனியே இல்லை என்று தோன்றியதாம்.

அந்தப் பாட்டை அவர்கள் மேடையில் பாடுவதை விட்டுப் பல வருடம். இந்தமுறை மொன்றியலில் மறுபடி பாடப்போகிறார்கள் என்று அறிந்ததும் மனிதர் டிக்கெட் வாங்கிவிட்டார். அவருக்கு டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. கெஞ்சி லீவும் எடுத்தார். குசினிக் கலண்டரில் கச்சேரி நடக்கும் சனிக்கிழமையைச் சிவப்பு மையால் வட்டமிட்டார்.

எங்கள் பங்குக் கோயிலில் மாதா திருவிழாவுக்கு முன் ஒன்பது நாள் செபம், நவநாள். ஒவ்வொரு மாலையும் ஒரு குடும்பம் பொறுப்பு: செபமாலை சொல்ல வேண்டும், பூ வைக்க வேண்டும், கடைசியில் சனத்துக்கு ரோல்ஸும் தேநீரும். நாள் பிரித்துக் கொடுக்கும் அக்கா எனக்கு போன் எடுத்தபோது யாரும் எடுக்காமல் இரண்டு நாள்தான் மிச்சம்.

“வியாழன் எண்டா உம்மட மச்சாள் வீட்டோட சேர்ந்து செய்யலாம். சனி எண்டா தனிய.”

மச்சாள் என் அண்ணையின் மனைவி. ஈஸ்டருக்கு நாலு பேர் முன்னால் என் ரோல்ஸைக் கடித்துவிட்டு, “கடையில வாங்கினதோ?” என்று கேட்டவள். அவளோடு ஒரே குசினியில் நிற்பதா? சிவப்பு வட்டம் என் கண்முன்தான் இருந்தது. தெரிந்துகொண்டே, “சனி” என்றேன்.

அவரிடம், “சனிதான் கிடைச்சுது” என்றேன். கலண்டரின் சிவப்பு வட்டத்தைப் பார்த்தார். பிறகு, “மாதாவுக்குத்தானே” என்று சொல்லி, டிக்கெட்டைத் தன்னோடு வேலை செய்யும் கியூபெக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்.

சனி மாலை முழந்தாளில் நின்று செபமாலை சொன்னார். ஒரு மணிகூடப் பிசகவில்லை. என் ரோல்ஸை எல்லோரும் புகழ்ந்தார்கள். மச்சாள்கூட இன்னொன்று எடுத்தாள். நான்தான் ஒன்றையும் தொடவில்லை.

மறுநாள் பூசை முடிந்து வந்து கோப்பி குடிக்கையில், அந்தக் கியூபெக்காரர் அனுப்பிய வீடியோவைப் போட்டார். மேடையில் நரைத்த தலைகள், அதே பேஸ் கிற்றார். அவருடைய விரல்கள் மேசையில் தட்டின. பாட்டு பாதியில் அறுந்தது. எடுத்தவர் ஆடப் போய்விட்டார் போலும். இவர் மறுபடி முதலிலிருந்து போட்டார். நான் துடைத்த அடுப்பையே துடைத்துக்கொண்டு நின்றேன். என்னை நினைக்க எனக்கே கேவலமாக இருந்தது. இப்போதாவது சொல்லிவிடுவோம் என்று திரும்பினேன்.

“இஞ்சாருங்கோ, அந்தச் சனிக்கிழமை...”

“அதை விடும்” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். “வேற நாள் கிடைச்சிருந்தா நீர் அதைத்தான் எடுத்திருப்பீர். எனக்குத் தெரியாதோ?”

“ஓம்” என்றேன்.