மூணாம் ஷிப்டின் டோக்கன் பாட்டு

இந்த ஊர் பஸ்ஸில் பாட்டுப் போடமாட்டார்கள். வந்து நாலு வருஷம் ஆகிறது, இன்னும் எனக்கு அது பழகவில்லை. காலையில் ஏறினால் பஸ் நிறைய ஆட்கள் இருக்கிறார்கள், ஒரு சத்தம் இல்லை. எங்கள் பக்கம் சாவு வீட்டில்கூட இதைவிடக் கலகலப்பு இருக்கும். சிலர் காதில் ஒயர் மாட்டிக்கொண்டு அவரவர் பாட்டை அவரவர் மட்டும் கேட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அது பத்துப் பேர் நடுவில் உட்கார்ந்துகொண்டு டிபன் பாக்ஸை மூடி மூடிச் சாப்பிடுவது மாதிரித் தெரிகிறது. நான் வாய்க்குள் முனகுவேன். வந்த புதிதில் ஒரு நாள் பக்கத்தில் இருந்த கிழவி என் முழங்கையைத் தொட்டு, "தூத்தோ பேனே?" என்றாள். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அர்த்தம். எனக்கு வயிற்றுவலி என்று நினைத்துவிட்டாள். பாட்டு, பாட்டு என்று தெரிந்த ஒரு வார்த்தையில் சொன்னேன். பரிதாபமாகப் பார்த்து ஒரு மிட்டாய் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். முனகுவதை நிறுத்தவில்லை.

நான் முனகுகிற அந்தப் பாட்டு இங்கே யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். ஊரிலும் ஆம்பூர், பள்ளிகொண்டா, மாதனூர் தாண்டினால் தெரியாது. பாடியவர்கள் ஐந்து பேர். ஆம்பூரில் தோல் பதனிடுகிற டேனரிகளில் வேலை செய்தவர்கள். டேனரியில் இரண்டு ஷிப்டு. அது முடிந்த பிறகு சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற கொட்டகையில் கூடிப் பாடிப் பழகுவார்கள். அதனால் குழுவுக்கு 'மூணாம் ஷிப்டு' என்று பெயர் வைத்தார்கள். முன்னால் நின்று பாடுகிறவன் டேனியல். பகலெல்லாம் சுண்ணாம்புத் தொட்டியில் தோலைப் புரட்டுகிறவன். சுண்ணாம்புக் காற்றோ என்னவோ, தொண்டை கரகரவென்று இருக்கும். கல்யாணம், திருவிழா, சர்ச் பண்டிகை என்று எங்கே கூப்பிட்டாலும் போவார்கள். மற்ற குழுக்கள் சினிமாப் பாட்டைப் பாடும். இவர்கள் நடுவில் சொந்தப் பாட்டும் பாடுவார்கள். வேலூரில் யாரோ ஒருவர் அதையெல்லாம் கேசட்டாகப் போட்டுக் கொடுத்தார்.

நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர் தைத்துக்கொண்டிருந்தேன். ஷூவின் மேல்பாகம்தான் அப்பர். பள்ளிகொண்டாவிலிருந்து கம்பெனி பஸ் வரும். ஓட்டுகிறவர் பாஷா பாய். வண்டி முழுக்கப் பெண்கள். கல்யாணம் ஆனது, ஆகாதது, புருஷன் ஓடிப்போனது எல்லாம் இருக்கும். பாய் கேசட்டைப் போட்டாரென்றால் தூங்கிக்கொண்டிருக்கிறவள்கூட உதட்டை அசைப்பாள். ஆண்கள் நடிகர்களுக்கு மன்றம் வைத்து, கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றித் திரிந்த காலம் அது. பெண்ணுக்கு மன்றம் ஏது? எவனோ ஒரு பாட்டுக்காரன் பெயரைச் சொன்னாலே, அவனோடு ஓடிப்போகப் போகிறாள் என்று வீட்டில் அடி விழும். எங்கள் மன்றம் அந்த பஸ்தான். இறங்கினால் மன்றம் கலைந்துவிடும்.

எல்லாப் பாட்டும் நன்றாக இருந்தது என்று பொய் சொல்லமாட்டேன். அவர்களுடைய காதல் பாட்டெல்லாம் குப்பை. நிலா, தேன், மான் என்று எவனோ சொன்னதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். வேலையைப் பற்றிப் பாடும்போதுதான் டேனியல் வேறு ஆளாகிவிடுவான். பசை வாசம் என்று ஒரு பாட்டு. ஷூ ஒட்டுகிற பசையை நாங்கள் சொல்யூஷன் என்போம், எத்தனை சோப்புப் போட்டாலும் விரலில் நிற்கும். வேலை முடிந்து வந்து சோறு ஊட்டப் போன தாயின் கையைக் குழந்தை தட்டிவிடுகிறது, பாட்டில் அவ்வளவுதான் கதை. அது ஓடும்போது பஸ்ஸில் தாய்மார்கள் யாரும் யாரையும் பார்க்கமாட்டார்கள். ஜன்னலைப் பார்ப்பார்கள். எனக்கு அப்போது குழந்தை கிடையாது, நானும் ஜன்னலைப் பார்ப்பேன். மனதை வருடும் பாட்டு என்று பத்திரிகையில் எழுதுவார்கள். இது வருடாது, அறையும். அறை வாங்கிய பிறகு, பரவாயில்லை, நம்மை ஒருத்தன் பார்த்துவிட்டான் என்று இருக்கும். எனக்கு வேறு மாதிரிச் சொல்லத் தெரியவில்லை.

டோக்கன் பாட்டு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குக் காரணம் என் சிநேகிதி குமாரி. எங்கள் கம்பெனியில் கக்கூஸ் போக டோக்கன் எடுக்கவேண்டும். மிச்சமான தோலில் வட்டமாக வெட்டி, ஓட்டை போட்டு, சூப்பர்வைசர் மேஜைக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருப்பார்கள். ஒரு லைனுக்கு இரண்டு. எடுத்துக்கொண்டு போனவள் திரும்பி வந்து மாட்டினால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். ஆணி காலியாக இருந்தால் அடக்கிக்கொண்டு தைக்கவேண்டும். மாத நாட்களில் என்ன ஆகும் என்று நான் எழுதவேண்டியதில்லை, படிக்கிற பெண்களுக்குத் தெரியும், ஆண்கள் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். தண்ணீர் குடிக்காமலே வேலை செய்யப் பழகினோம். ஒரு சர்ச் பண்டிகையில் மூணாம் ஷிப்டு பாடிக்கொண்டிருந்தபோது, குமாரி கூட்டத்திலிருந்து கத்தினாள்.

"யோவ் டேனியலு, எப்ப பாரு நிலா நிலான்னு பாடினு கீற. எங்க கம்பெனிய பத்தி ஒண்ணு பாடேன்."

"இன்னாக்கா பாடறது?"

"டோக்கன பத்தி பாடு."

"இன்னா டோக்கனு? ரேஷனா?"

"கக்கூஸ் டோக்கன்யா."

கூட்டமே சிரித்தது. டேனியல் மட்டும் சிரிக்காமல், மைக்கைக் கீழே வைத்துவிட்டு மேடை ஓரத்துக்கு வந்து, "மெய்யாலுமா?" என்று கேட்டான். குமாரி சொல்லச் சொல்லக் குந்திக் கேட்டுக்கொண்டிருந்தான். அடுத்த கேசட்டில் அந்தப் பாட்டு வந்துவிட்டது.

டோக்கன் குடு சாரு, ஒரு டோக்கன் குடு சாரு,
ஆணியில தொங்குது பாரு எங்க மானம் ரெண்டு பீசு.

பஸ்ஸில்தான் அதை முதல் தடவை கேட்டோம். அம்மாவிடம்கூடச் சொல்லக் கூச்சப்பட்ட விஷயம், பறை அடியும் கீபோர்டுமாக ஸ்பீக்கரில் வருகிறது. இரண்டாவது அடியில் ஒருத்தி பக்கென்று சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம், அதில் பாதி வேறு தண்ணீர். "இன்னொரு வாட்டி போடு பாய்" என்று கத்தினோம். ஆம்பூர் போய்ச் சேருகிறவரை அதே பாட்டு. அன்றைக்கு லைனில் உட்கார்ந்து, மிஷின் பெடலை அந்தத் தாளத்துக்கு மிதித்தோம். ஒருத்தி வாயும் திறக்கவில்லை. ஐம்பது மிஷின் ஒரே தாளத்தில் ஓடினால் சூப்பர்வைசருக்கு விளங்காமல் போகுமா?

கம்பெனி பாஷா பாயைக் கூப்பிட்டு, அந்தக் கேசட் இனிமேல் ஓடினால் வண்டி காண்ட்ராக்ட் கிடையாது என்று சொல்லிவிட்டது. மறுநாள் பாய் கேசட்டை எடுத்து டேஷ்போர்டில் வைத்துப் பூட்டினார். "எனக்கு மூணு பொண்ணுங்க கீதும்மா. பேஜாராய்டும்" என்றார்.

"உன்ன இன்னா பாய் சொன்னோம்? நீ வண்டிய ஓட்டு" என்றாள் குமாரி. எழுந்து நின்று அவளே பாட ஆரம்பித்தாள். நாங்கள் எல்லோரும் பாடினோம். கேசட்டைப் பூட்டலாம், எங்கள் வாயை எந்த டேஷ்போர்டில் பூட்டுவார்கள்?

அந்த வாரத்திலேயே மாதனூரில் சூப்பர்வைசர் பஸ்ஸில் ஏறினார். பாடுகிறவள் யார் என்று கேட்டார். எல்லோரும் ஜன்னலைப் பார்த்தோம். "குமாரி, நீ எறங்கு, இன்னிக்கு உனக்கு வேல கெடையாது" என்றார். குமாரி பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவள் பின்னால் செல்வி இறங்கினாள். செல்வி மாசமாக இருந்தாள். நான் இறங்கினேன். பஸ்ஸே இறங்கியது. பாயும் சூப்பர்வைசரும் காலி வண்டியில் உட்கார்ந்திருக்க, நாங்கள் நெடுஞ்சாலை ஓரமாக ஆம்பூர்ப் பக்கம் பாடிக்கொண்டே நடந்தோம். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். ஏதோ கோயிலுக்கு நடக்கிறோம் என்று நினைத்து ஒரு டீக்கடைக்காரர் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தார். வயிறு முட்டக் குடித்தோம். போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது, அனுப்பவேண்டிய சரக்கு அனுப்பாமல் கிடந்தது, மேனேஜர் கேட்டில் நின்றார். குமாரியை உள்ளே விட்டார்கள். அடுத்த வாரம் ஆணியில் நாலு டோக்கன் தொங்கியது. இதை வெற்றி என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வரும். இரண்டு நாலானது, அவ்வளவுதான். ஆனால் அந்த நாலு, யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்தது இல்லை. ஒரு பாட்டு பிடுங்கிக் கொடுத்தது.

கல்யாணமாகி இத்தாலிக்கு வந்தேன். வெனிஸுக்கு இரண்டு மணி நேரத் தொலைவில் இதுவும் தோல் ஊர்தான். புருஷன் டேனரியில், நான் ஒரு சின்ன ஷூப் பட்டறையில். பட்டறையை இங்கே லபோரத்தோரியோ என்கிறார்கள். பக்கத்து மிஷினில் ஜூலியானா. என் தாளத்தைக் கவனித்துவிட்டு ஒரு நாள், "என்ன பாட்டு, காதலா?" என்று கேட்டாள். இல்லை, பாஞ்யோ என்றேன். பாஞ்யோ என்றால் கக்கூஸ். "போ, போ, இதற்கெல்லாம் கேட்கவேண்டாம்" என்று கதவைக் காட்டினாள். நான் போகவேண்டிய தேவை இல்லாமலே எழுந்து போய், உள்ளே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். கேட்கவேண்டாம். எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். டோக்கனுக்கு இத்தாலியனில் ஜெத்தோனே என்று பிறகு அவளிடமே கற்றுக்கொண்டு, கதை முழுவதும் சொன்னேன். அவள் கையிலிருந்த அப்பரைத் திருப்பிப் பார்த்தாள். உள்பக்கம் ஒரு ஓரத்தில் இந்தியா என்று முத்திரை இருந்தது. அதை மிஷினில் வைத்துத் தைக்க ஆரம்பித்தாள்.

இந்த வருஷம் இங்கே இருக்கிற தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவில் ஊர்ப் பாட்டு ஒன்று பாட என்னைக் கேட்டார்கள். சங்கச் செயலாளர் தோல் புரோக்கர், எங்கள் பக்கத்துக்காரர்தான். "என்ன பாட்டும்மா?" என்று போனில் கேட்டார். சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது. "அய்யய்யோ, அது வேணாம்மா. முதலாளி வர்றாரு. உன் வீட்டுக்காரரு வேல செய்யற டேனரி முதலாளி. ஹால் வாடகைய அவர்தான் குடுக்கறாரு. அவருக்கு ஷூ யாவாரமும் இருக்கு, ஆம்பூர்ல உங்க கம்பெனி அப்பர வாங்கறவரும் அவர்தான். டீசண்டா எதுனா பாடு." வேலை போனால் இங்கே இருக்கிற அனுமதிச் சீட்டு, பெர்மெஸ்ஸோ, அதுவும் போகும். புருஷன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள், "உனக்கு இன்னா, பாடிட்டு போய்டுவ. நாளைக்கு நான் போய் அந்தாளு மூஞ்ச பாக்கணும்" என்றான். அவன் சொன்னது நியாயம். எனக்கும் பயம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை குமாரிக்குப் போன் போட்டேன். இன்னும் அதே கம்பெனி, அதே லைன். டேனியல் பாடுவதை விட்டுவிட்டான், தொண்டை போய்விட்டது என்றாள். கீபோர்டுக்காரன் துபாயில் ஏசி மெக்கானிக். புதுசாக வருகிற பெண்களுக்கு அந்தப் பாட்டே தெரியாதாம். "டோக்கன் இருக்கா?" என்று கேட்டேன்.

"அது எங்க போவும்? பிளாஸ்டிக்ல பண்ணிட்டானுங்க, கழுவலாமாம். நீ அங்க அத பாடப் போறியாடி?"

"பயமா கீதுடி."

"அங்கதான் டோக்கனே இல்லன்ன. வாய தொறக்கறதுக்கு மட்டும் யாருகிட்ட டோக்கன் வாங்கப் போற?"

பாடினேன். பறை இல்லை, கீபோர்டு இல்லை, மைக்கும் என் காலும்தான். பெடல் மிதிக்கிற மாதிரி மேடையை மிதித்தேன். இங்கே டேனரிகளில் வேலை செய்கிற நம் ஆட்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது அடியிலேயே அவர்கள் கால் சேர்ந்துகொண்டது. பட்டுப்புடவை முன்வரிசை செயலாளரைத் திரும்பிப் பார்த்தது. முதலாளி நல்ல மனுஷன், சிரித்துக்கொண்டே கை தட்டினார். முடிந்ததும் செயலாளர் எழுந்து, அறுவடைப் பாட்டு என்று அவருக்கு இத்தாலியனில் சொன்னார். பிராவா, பிராவா என்றார் முதலாளி.

நான் மைக்கை விடவில்லை. "அறுவடை இல்லை" என்றேன், எனக்குத் தெரிந்த உடைந்த இத்தாலியனில். "ஆம்பூரில் உங்களுக்கு அப்பர் தைக்கிற பெண்கள், பாஞ்யோ போக ஜெத்தோனே எடுக்கவேண்டும். ஒரு லைனுக்கு நாலு. இது அந்த ஜெத்தோனே பாட்டு."

கைதட்டல் நின்றது. "இன்னுமா?" என்று கேட்டார் முதலாளி.

"இன்னும்."

அவர் என்னைப் பார்த்தார், செயலாளரைப் பார்த்தார், தட்டிலிருந்த வடையைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. அவர் திருந்தினார் என்றோ, ஆம்பூருக்குப் போன் போட்டார் என்றோ எழுத எனக்கும் ஆசைதான். நடக்காததை எழுதமாட்டேன். புருஷனுக்கு வேலை இன்றுவரை இருக்கிறது, அடுத்த மாதம் என்ன என்று தெரியாது. போனால் போகட்டும் என்று சொல்கிற தைரியம் எனக்கு முழுதாக இல்லை. ஆனால் பாடியிருக்கவேண்டாம் என்று ஒரு நிமிஷம்கூட நினைத்ததில்லை. சங்கத்தில் என்னை இனிமேல் கூப்பிடமாட்டார்கள். பின்வரிசை ஆட்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து பாட்டு வரிகளை எழுதிக்கொண்டு போனார்கள். காப்பி போட்டுக் கொடுத்தது என் புருஷன்.

விழாவுக்கு மறுநாள் பஸ்ஸில் நான் முனகவில்லை, பாடினேன். மிட்டாய்க் கிழவி திரும்பிப் பார்த்தாள், டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். பார்க்கட்டும். பட்டறையில் பாஞ்யோ கதவுக்குப் பக்கத்தில் கோட்டு மாட்ட ஒரு ஆணி இருக்கிறது. வெயில் காலத்தில் அதில் எதுவும் இருக்காது. நாலு வருஷமாகியும், உள்ளே போகுமுன் என் கை தானாக அந்த ஆணிக்குப் போகிறது. காலியாக இருந்தால் ஒரு நொடி கால் நின்றுவிடுகிறது, யாரோ ஒருத்தி உள்ளே போயிருக்கிறாள், அவள் வரட்டும் என்று. குமாரியாக இருக்கும், செல்வியாக இருக்கும். அப்புறம் ஞாபகம் வருகிறது. கதவைத் தள்ளிக்கொண்டு, பாடிக்கொண்டே உள்ளே போகிறேன்.