பங்குனி வெயிலும் விரால் மீனும்

மீன் கடித்தால் அது தூண்டில் பிடித்தவரின் கெட்டித்தனம், கடிக்காவிட்டால் படகுக்காரனின் குற்றம்: கண்டிப் பக்கத்து விக்டோரியா நீர்த்தேக்கத்தில் பதினோரு வருஷம் படகு ஓட்டி நான் கண்ட தொழில் சட்டம் இது ஒன்றுதான். பிறருடைய விடுமுறைக்காக வெயிலில் நின்று பழகியவர் என்றால் உங்களுக்கும் இப்படி ஏதாவது ஒரு சட்டம் இருக்கும்.

தெல்தெனிய பக்கத்து விருந்தினர் விடுதி ஒன்றின் படகு அது. விடியலில் விருந்தாளிகளை ஏற்றினால் பதினொரு மணிக்குக் கரை சேர்ந்துவிடலாம். எனக்கு அந்தப் பதினொரு மணிதான் முக்கியம். என் மனைவி பாக்கியம் பக்கவாதத்தில் படுத்திருந்தாள். மத்தியானம் வரை பக்கத்து வீட்டு அம்மா பார்த்துக்கொள்வார். அதற்குப் பிறகு அவளைப் புரட்டிப் படுக்கவைக்க என்னை விட்டால் ஆளில்லை. இந்த வேலை போனால் கண்டியில் ஏதாவது கடையில் நின்று, இருட்டிய பிறகுதான் பஸ் ஏற வேண்டும்.

கொழும்பு ஐயா கேட்ட மீன்

கொழும்பிலிருந்து ஒருவர் பெட்டி நிறைய, தூண்டிலில் இரையாகக் கட்டும் ரப்பர் தவளையும் பிளாஸ்டிக் மீனும் கொண்டு வந்தார். எல்லாம் அமெரிக்காவின் பாஸ் மீனுக்கென்று செய்தவை. அந்த மீன் வெயிலில் எங்கே பதுங்கும் என்று போனில் நூறு வீடியோ பார்த்திருந்தார். இந்தத் தண்ணீரில் பாஸ் இல்லை, விரால்தான் உண்டு, அதுவும் ஒன்பது மணி வெயில் ஏறிவிட்டால் மூச்சு வாங்க மட்டும் மேலே வந்து போகும் என்றேன்.

அவர் நம்பவில்லை. பதினொரு மணி வரை எறிந்தார். கழுத்து சிவந்து, மூக்குத் தோல் உரிந்ததுதான் மிச்சம். இறங்கும்போது மனேஜர் நவாஸிடம் என்னைக் காட்டிச் சொன்னார்: "இந்தாளுக்கு மீனைப் பத்தி ஒண்ணுமே தெரியாது, பாஸ் இல்லங்குறான்."

தண்ணீருக்குள் ஊர்

இந்த நீர்த்தேக்கத்தின் அடியில் பழைய தெல்தெனிய கிடக்கிறது. நல்ல வறட்சியில் தண்ணீர் இறங்கினால் சுவர்களும் படிக்கட்டுகளும் தலை காட்டும். கனடாவிலிருந்து வந்த யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவரின் தூண்டில், தண்ணீருக்குச் சற்றுக் கீழே நின்ற ஒரு சுவரில் மாட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தோம், தூண்டில் நரம்பு அறுந்துபோனது. இந்த இடத்தில் சனங்கள் குடியிருந்தார்கள், கடைத்தெரு இருந்தது, எல்லாரையும் எழுப்பிவிட்டுத்தான் தண்ணீர் நிரப்பினார்கள் என்று சொன்னேன். அவரும் ஊரை விட்டுப் போனவர்தானே, ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

அறுந்த நுனியைக் கண்ணுக்கு அருகே பிடித்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "இதுக்குள்ள ஊர் கிடக்குதெண்டு முதலே சொல்லியிருந்தா, நான் விலை குறைஞ்ச ரப்பர் மீனைக் கட்டியிருப்பனே."

நவாஸின் மூன்றாவது ஆள்

நவாஸ் வத்தேகமக்காரர். பெருநாளுக்கு என் வீட்டுக்கு வட்டிலப்பம் கொடுத்தனுப்புகிற மனுஷன். ஆனால் அவருக்கு மேலே ஒரு முதலாளி, முதலாளிக்கு மேலே இணையத்தில் நட்சத்திரம் போடுகிற விருந்தாளிகள். இரண்டு பேர் மீனில்லாமல் திரும்பி, இரண்டு பேரும் ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார்கள். வெயில் தணியும்வரை படகை நிறுத்துவோம் என்று கேட்டுப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சாவிக்கொத்தைப் பார்த்தபடி சொன்னார்: "அண்ணே, நாளைக்கு வாறவர் மீனோட போட்டோ எடுக்கணும், இல்லாட்டி வேற படகுக்காரன பாருங்கன்னு முதலாளி சொல்லிட்டாரு."

சிவப்பு வட்டம்

கொதிக்கிற வெயிலிலும் விராலைப் பிடிக்க ஒரு வழி உண்டு. படகுக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும், நல்லவர்கள் வெளியே சொல்வதில்லை. விரால் தன் குஞ்சுகளைக் கூட்டமாக மேய்க்கும். சிவந்த குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் தண்ணீர் மேலே வட்டமாகக் கொதித்துக்கொண்டிருக்க, தாய் அடியில் காவல் நிற்கும். அந்த வட்டத்துக்குள் எதை எறிந்தாலும் தாய் பாய்ந்து கடிக்கும். அது பசியில் கடிப்பதில்லை. தாயைத் தூக்கிவிட்டால் மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்றுவிடும். அதனால் அப்படி ஒரு வட்டத்தைக் கண்டால் நான் படகைத் திருப்பிவிடுவேன். பத்து வருஷம் அப்படித்தான் செய்தேன்.

அன்றைக்கு வந்தவர் நல்லவர், எனக்கும் தண்ணீர்ப் போத்தல் நீட்டியவர். பத்து மணி வரை ஒன்றும் கடிக்கவில்லை. செடிகள் அடர்ந்த ஒரு மூலையில் வட்டம் ஒன்று இருப்பதை நான் முந்தின நாளே பார்த்திருந்தேன். துடுப்பை அந்தப் பக்கம் போட்டேன், வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, விரலை மட்டும் நீட்டினேன். முதல் எறியிலேயே கடித்தது. கை நீளத்துக்கு இருந்தது. அவர் மடியில் வைத்து ஒரு படம், தூக்கிப் பிடித்து ஒரு படம், முத்தமிட்டு ஒரு படம் எடுத்தார். அதற்குள் படகுக்குப் பின்னால் தண்ணீர் சளசளவென்று அடித்தது. மற்ற மீன்கள் வந்துவிட்டன. அவர் விராலை மெதுவாகத் தண்ணீரில் விட்டபோது வட்டம் இருந்த இடத்தில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றதைக் கண்டு அவர் கேட்டார்: "நாந்தான் மீன திரும்ப விட்டுட்டேனே, பெறகு என்ன?"

வீட்டில்

ஐந்து நட்சத்திரம் கிடைத்தது. வேலை நிலைத்தது. பதினொன்றரைக்கு வீட்டில் இருந்தேன். பாக்கியத்தைப் புரட்டி, முதுகு துடைத்துப் பவுடர் போட்டபடி நடந்ததைச் சொன்னேன். அவளிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை. வேறு வழியில்லை, உன்னை விட்டுவிட்டுக் கண்டிக்குப் போக முடியுமா என்று கேட்டேன். பேச்சு அவளுக்குக் குழறும், ஒவ்வொரு சொல்லாக இழுத்துத்தான் பேசுவாள். சுவரைப் பார்த்துக்கொண்டு, நேரமெடுத்து, தெளிவாகச் சொன்னாள்: "எனக்காகன்னு மட்டும் சொல்லாதீங்க."

அடுத்த பங்குனி

அந்தப் பங்குனி முழுக்க விரலை நீட்டினேன். ஒவ்வொருவரும் படம் எடுத்தார்கள். விடுதியின் வரவேற்பறைச் சுவரில் எட்டுப் படங்கள் தொங்கின. மீன் எப்படிக் கிடைக்கிறது என்று நவாஸுக்கும் தெரிந்துபோனது. மறு தை மாதம் பாக்கியம் போய்விட்டாள். வேலைக்கு நேரமாகிறது என்று நான் அவசரமாகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில்.

கருமாதி முடிந்து சில வாரம் நான் படகுப் பக்கம் போகவில்லை. பங்குனி பிறந்ததும் நவாஸ் வீட்டுக்கு வந்தார். கதிரையில் உட்கார்ந்து, பாக்கியத்தின் வெறும் கட்டிலைப் பார்த்துக் கண் கலங்கினார், அது பொய்யில்லை. தேத்தண்ணி குடித்து, கோப்பையைக் கீழே வைத்து, எழும்பிய பிறகு வாசலில் நின்று கேட்டார்: "அண்ணே, வெயில் தொடங்கிட்டுது, குஞ்சுக் கூட்டம் எங்க நிக்கிதுன்னு பார்த்து வச்சிருக்கீங்களா?"

அவர் கேட்டதில் பிழையில்லை. படகு ஏறாமலே, கரையில் நின்று பார்த்து வைத்திருந்தேன் என்பதுதான் பிழை.