நாற்று நட்ட அடியாட்கள்

எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. நான்தான் அதைக் கைவிட்டதாக வெளியே சொல்லிக்கொண்டேன். அப்பா முழுநேரக் குடி, கூட்டாளிகள் என்னைப் போலவே வெட்டி. பையன்கள் ரவுடியாவதற்குச் சொல்லும் காரணம் எல்லாமே என்னிடம் ஸ்டாக் இருந்தது. தைரியம்தான் இல்லை.

உத்திரமேரூரில் மனை விற்கிற ஒரு அண்ணன் எங்களைச் சேர்த்துக்கொண்டார். வேலை, கூட்டமாக நின்று முறைப்பது. கூலி, பிரியாணி. தோளில் கை போட்டு, நீ நம்ம ஆளு என்றார். அதுவரை என்னை யாருமே அப்படிச் சொன்னதில்லை. அங்கேயே பாதி ரவுடி ஆகிவிட்டேன்.

ஒருநாள் ஏரிக்குக் கீழே ஒரு நிலத்துக்கு அனுப்பினார். தரிசு என்று சொல்லி வளைத்துப்போடப் போகிறாராம். எல்லைக்கல்லோடு அவர் வரும்வரை நாங்கள் காவல். போய்ப் பார்த்தால் நிலம் சேறடித்துக் கிடந்தது. வரப்பில் நின்ற நிலத்துக்கார அம்மா ஒருவர், சாயம் போட்ட எங்கள் தலைகளைப் பார்த்து, நடவுக்கு ஏஜென்ட் அனுப்பிய வடநாட்டுப் பையன்கள் என்று நினைத்துவிட்டார். குனிந்து, நடுவது எப்படி என்று ஜாடையில் காட்டினார்.

நான் மீசையை முறுக்கினேன். முறுக்கும் அளவுக்கு இல்லை. மூக்கைச் சொறிவதாகத்தான் தெரிந்திருக்கும்.

"எங்களுக்குத் தமிழ் தெரியும்மா" என்றேன். என் மிரட்டல் அவ்வளவுதான்.

"தெரிஞ்சா இன்னாத்துக்கு நின்னுக்கினு கீற? பேண்ட்ட மடிச்சிக்கினு இறங்கு நைனா. வூட்டுக்காரு ஒடம்புக்கு முடியாம படுத்துக்கினதுல நெலத்த சும்மா போட்டுட்டேன். தரிசுன்னு எவனோ கல்லு நட வரானாம். பயிரு நின்னா அவன் இன்னா பண்ணுவான்?"

அந்த எவனோ நாங்கள்தான். கூட்டாளிகள் என்னைப் பார்த்தார்கள். வாய் உள்ளவன் நான் என்பதால் முடிவும் என் தலையில். அதற்குள் அந்தம்மா ஒரு நாற்றுக்கட்டை என் கையில் திணித்துவிட்டார். பட்டாக்கத்தி பிடிக்கப்போவதாக நான் கனவு கண்ட கை. இறங்கிவிட்டேன். மற்றவர்களும் இறங்கினார்கள். வரிசை எல்லாம் கோணல்.

அண்ணன் வந்தபோது பாதி வயல் பச்சை. அவருடைய அடியாட்கள் இடுப்புவரை சேறு.

"நீதான் ஏஜென்ட்டா?" என்று அந்தம்மா கேட்டார். "பசங்க பரவால்ல. நாளைக்கும் அனுப்பு." சொல்லிக்கொண்டே பயிரையும் அவரையும் சேர்த்து செல்போனில் ஒரு போட்டோ எடுத்தார்.

அண்ணன் போனைப் பார்த்தார். ரோட்டில் நின்று வேடிக்கை பார்த்த ஜனத்தைப் பார்த்தார். வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டு, இனி மூஞ்சியைக் காட்டாதே என்றார் என்னிடம். பிரியாணியும் வண்டியோடு போய்விட்டது.

மறுநாளும் போனோம். பாதி வயல் மீதி இருந்ததே.