டாபியின் தாடையும் ரோஸியின் கட்டைவிரலும்

பட்டினப்பாக்கத்தில் கடலோரச் சாலையில் மீன் விற்கும் ரோஸி, மீனை மூன்று விதமாகச் சோதிப்பாள். முதலில் கண். அடுத்து செவுளைத் தூக்கி முகர்ந்து பார்ப்பது. கடைசியாக வயிற்றுக்கு மேலே கட்டைவிரலால் ஓர் அழுத்து. அழுத்திய பள்ளம் சட்டென்று நிமிர்ந்தால் அது இன்றைய மீன். தயங்கித் தயங்கி நிமிர்ந்தால் நேற்றையது. நிமிராமலே கிடந்தால் பூனைக்கு. முப்பத்தொரு வருடமாக அந்தக் கட்டைவிரல் பொய் சொன்னதில்லை. முப்பத்தொரு வருடமாக அது தொட்டுப் பார்த்த சதையெல்லாம் ஒரே திசையில்தான் போய்க்கொண்டிருந்தது. காலையில் இருப்பது மதியம் இருக்காது, மதியம் இருப்பது சாயங்காலம் இருக்காது.

ரோஸிக்கு வயது ஐம்பத்தைந்து. கணவர் ஆண்டனி 2016ஆம் ஆண்டு மஞ்சள் காமாலையில் போனார். பிள்ளைகள் இல்லை. குடியிருப்பின் இரண்டாவது மாடியில் ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. அதன்பிறகு மதியம் ஒன்றே முக்காலுக்கு அவள் வீடு திரும்பிக் கதவைத் திறக்கும்போது யாரும் "வந்துட்டியா" என்று கேட்டதில்லை. 2023 ஆகஸ்ட் நான்காம் தேதி வரைக்கும் அப்படித்தான்.

அன்றைக்கு, சாந்தோமில் அவளிடம் வாடிக்கையாக மீன் வாங்கும் வஜீஹா என்ற பெண், ஒரு கம்பிக்கூண்டைக் கொண்டுவந்து ரோஸியின் கூடைக்குப் பக்கத்தில் வைத்தாள். உள்ளே பழுப்பும் வெள்ளையுமாக, எலிச்சாதியில் வாலே இல்லாத ஒரு கினி பன்றி. பெயர் டாபி. "ரெண்டே மாசம்தான் அக்கா. துபாய்ல வீடு கிடைச்சதும் யாரையாவது அனுப்பி வாங்கிக்கறேன்" என்றாள். அனுப்பவில்லை.

"இன்னாமே இது, பெருச்சாளியக் கூண்டுல போட்டு வெச்சிக்கினு கீற?" என்றாள் பக்கத்துக் கடை கோவிந்தம்மா. அதே மாடியில் எதிர்வீடும் அவளுடையதுதான். ரோஸியைவிட ஆறு வயது மூத்தவள், வாய் அறுபது வயது மூத்தது.

"பெருச்சாளிக்கு வாலு கீதுக்கா. இதுக்கு இல்ல பாரு."

"வாலயும் வித்துட்டியா?"

முதல் வாரம் ரோஸிக்கும் அது பெருச்சாளிதான். இரண்டாவது வாரம் ஒரு நாள் மதியம், அவள் படியேறி வந்து கொத்தமல்லிக்கட்டு இருந்த பிளாஸ்டிக் பையைச் சரசரக்கக் கைமாற்றிக்கொண்டு பூட்டைத் திறந்தபோது, உள்ளேயிருந்து நீளமாக ஒரு விசில் கேட்டது. வீக், வீக், வீக் என்று, உயிர் போகிற அவசரத்தோடு. ரோஸி வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு சிரித்தாள். அதற்குப் பிறகு தினமும் அந்த விசில் உண்டு.

வந்து பதினொரு மாதமும் நான்கு நாளும் ஆன அன்று, 2024 ஜூலை எட்டாம் தேதி திங்கட்கிழமை, விசில் கேட்கவில்லை.

கூண்டின் மூலையில் டாபி உருண்டையாக உட்கார்ந்திருந்தது. கொத்தமல்லியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ரோஸி அதைத் தூக்கி மடியில் வைத்துத் தடவினாள். இடது தாடைக்குக் கீழே, ஒரு நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி. கட்டைவிரலை மெல்ல வைத்தாள். பள்ளம் நிமிரவில்லை. 

மறுநாள் காலை கூடையைக் கோவிந்தம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, டாபியை ஒரு மூடி போட்ட கூடையில் வைத்துக்கொண்டு அடையாறுக்கு ஆட்டோவில் போனாள். சின்ன மிருகங்களைப் பார்க்கும் டாக்டர் ஹம்சினி, முப்பது முப்பத்திரண்டு வயதுக்காரி, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாள்.

"பல்லு வேர்ல ஒண்ணும் இல்ல, அது நல்ல சேதி. காய்ஞ்ச புல்லு குத்திச் சீழ் பிடிச்சிருக்கு. இதுங்களுக்குச் சீழ் நமக்கு மாதிரி தண்ணியா இருக்காதும்மா, வெண்ணெய் மாதிரி கெட்டியா இருக்கும். தானா வடியாது. திறந்து வழிச்சுதான் எடுக்கணும்."

"பொயச்சிக்குமா மேடம்?"

"பாதிப் பாதி." டாக்டர் மழுப்பவில்லை. "ஆபரேஷன் என் வேலை. அதுக்கப்புறம் எல்லாம் உங்க வேலை. காயத்தைத் தைக்க மாட்டேன், திறந்தே விடுவேன். தினம் ரெண்டு வேளை உப்புத் தண்ணியால உள்ள கழுவணும். மேல பொருக்கு கட்டினா ஊற வெச்சு எடுத்துடணும். மேல மூடி உள்ள அழுகினா போச்சு. அடியிலேருந்து சதை வளர்ந்து மேல வரணும். தினமும் எடை பாருங்க. இதுங்க வலியக் காட்டாது. எடைதான் காட்டும்."

வியாழக்கிழமை, பதினோராம் தேதி, ஆபரேஷன் நடந்தது. டாபி திரும்பி வந்தபோது தாடைக்கு அடியில் சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்கு ஒரு குழி. டாக்டர் ஊசியில்லாத சிரிஞ்சும், ஒரு சின்ன பாட்டில் உப்பு நீரும், மருந்தும், கரைத்து ஊட்டுவதற்குக் காய்ந்த புல்லை அரைத்த புல்மாவும் கொடுத்தாள். மனிதர்களுக்கான மாத்திரை எதையும் தரக்கூடாது, சிலது இந்தப் பிராணியின் குடலையே கெடுத்துக் கொன்றுவிடும் என்று இரண்டு தடவை சொன்னாள்.

எடை பார்க்கத் தராசுக்கு எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. மீன் நிறுக்கும் மின்தராசைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவி, மேலே ஒரு பூத்துண்டை விரித்து, டாபியை அதில் வைத்தாள். அந்தத் தராசு ஐந்து ஐந்து கிராமாகத்தான் காட்டும். நல்ல நாளில் ஒரு முறை விளையாட்டாக நிறுத்தபோது டாபி தொள்ளாயிரத்து நாற்பது. டாக்டர் முதலில் பார்த்த அன்று எண்ணூற்று எண்பத்தைந்து. ஆபரேஷனுக்கு மறுநாள் எண்ணூற்று நாற்பத்தைந்து. மாதா கோயிலில் கொடுத்த மாதக்காலண்டரில் அந்தந்தத் தேதிக் கட்டத்துக்குள் எண்ணை எழுதினாள். புனிதர்களின் பெயர்களுக்குக் கீழே கினி பன்றியின் எடை.

வெள்ளிக்கிழமை இரவோடு பாட்டில் காலியானது. ரோஸி பதறவில்லை. உப்புத் தண்ணீர்தானே? அதற்கு அவள் யாரைக் கேட்க வேண்டும்?

அந்தக் கரையில் வலைக்கயிறு அறுத்தாலும் கெளுத்தி முள் குத்தினாலும் யாரும் முதலில் மருந்துக்கடைக்குப் போவதில்லை. நேரே போய்க் கடலில் நிற்பார்கள். ஆண்டனியின் உள்ளங்காலில் ஒரு முறை எலும்பு தெரிய வெட்டுப்பட்டபோது, ஒன்பது நாள் காலையும் மாலையும் அலையில் காலை வைத்தே ஆற்றிக்கொண்டார். அதனால் ரோஸி, காலை ஐந்து மணிக்கெல்லாம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கரையோரக் கலங்கல் வேண்டாமென்று இடுப்பளவு ஆழம்வரை போய்க் குடத்தில் நீர் மொண்டுவந்தாள். வெள்ளைத் துணியில் இரண்டு முறை வடிகட்டினாள். சிலுவைக்குறி போட்டுவிட்டுத்தான் சிரிஞ்சில் ஏற்றினாள்.

டாபி அலறியது. அந்தச் சின்ன உடம்புக்குள் அப்படி ஒரு குரல் இருக்குமென்று அவளுக்குத் தெரியாது.

"பொறுத்துக்கோடா கண்ணு. எரிஞ்சாத்தான் ஆறும்" என்று சொல்லிச் சொல்லி, தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கழுவி முடித்தாள். மூன்று நாள், ஆறு வேளை. சனிக்கிழமை எண்ணூற்று முப்பத்தைந்து. ஞாயிறு எண்ணூற்றுப் பத்து. திங்கள் எழுநூற்று எழுபத்தைந்து. செவ்வாய்க்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு மறுபடி அடையாறுக்கு ஓடினாள்.

டாக்டர் குழிக்குள் விளக்கடித்துப் பார்த்தாள். ஓரமெல்லாம் வெந்த மாதிரி வெளுத்திருந்தது.

"என்ன தண்ணிம்மா ஊத்தினீங்க?"

"கடல் தண்ணி மேடம். நல்ல தண்ணி. உள்ள போய் மொண்டாந்தேன்."

டாக்டர் விளக்கை அணைத்துக் கீழே வைத்தாள். "நம்ம உடம்புல உப்பு லிட்டருக்கு ஒன்பது கிராம்தான். அதே அளவுல இருந்தாதான் காயத்துக்கு எரியாது. கடல்ல முப்பத்தஞ்சு. அதுவும் அடையாறு ஆத்துச் சாக்கடை வந்து விழற இடத்துத் தண்ணி வேற."

ரோஸி கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நானேவா எரிச்சிட்டேன்?"

"செஞ்சது தப்புதான். ஆனா குழியை மூட விடல பாருங்க, சீழ் துளிகூட இல்ல. அது உங்க கை." டாக்டர் அதே அளவு உப்புள்ள செலைன் பாட்டில்கள் ஆறு எடுத்து வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "மூணு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஊட்டுங்க. எழுநூத்தம்பதுக்குக் கீழ போச்சுன்னா, உடம்பு தன்னையே தின்ன ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம். அப்ப வலியில்லாம தூங்க வெச்சிடறதுதான் அதுக்கு நல்லது. கூட்டிட்டு வந்துடுங்க."

அன்று தராசு எழுநூற்று அறுபது காட்டியது.

மிச்சம் பத்து கிராம். இரண்டு நெத்திலி மீனின் எடை. ரோஸி கூடையை முழுக்கக் கோவிந்தம்மாவின் பொறுப்பில் விட்டாள். காலை ஐந்து, எட்டு, பதினொன்று, இரண்டு, மாலை ஐந்து, எட்டு என்று புல்மாவைக் கொய்யாச்சாற்றில் குழைத்து, கடைவாய்ப் பக்கமாகத் துளித்துளியாக ஊட்டினாள். ஒவ்வொரு துளிக்கும் அது மெல்லுகிறதா என்று தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.

"நீ துன்னியாடி?" என்று வாசலில் வந்து நின்றாள் கோவிந்தம்மா.

"துன்னுக்கலாம்க்கா."

"நல்லா கீது கத. எலி கிராமுல கொறையுது, இவ கிலோவுல கொறையிறா." திட்டிக்கொண்டே ஒரு தட்டில் சோறும் நெத்திலிக் குழம்பும் வைத்துவிட்டுப் போனாள். போகும்போது திரும்பி, "இன்னிக்கு எவ்ளோ காட்டுச்சு?" என்று கேட்டாள்.

புதன் எழுநூற்று அறுபது. வியாழன் எழுநூற்று அறுபது. வெள்ளிக்கிழமை காலையில் ரோஸி தராசை அணைத்துப் போட்டு மூன்று முறை நிறுத்தாள். மூன்று முறையும் எழுநூற்று அறுபதுதான். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் மாதிரி அந்த எண் நின்றது.

சனிக்கிழமை, இருபதாம் தேதி, எழுநூற்று அறுபத்தைந்து.

ஒரே ஒரு நெத்திலி. ரோஸி தராசைத் துடைத்து, துண்டை உதறி விரித்து, மறுபடி வைத்தாள். எழுநூற்று அறுபத்தைந்து. காலண்டர் கட்டத்தில் அதை எழுதும்போது பேனா தாளைக் கிழித்துவிட்டது.

அன்று காயத்தைக் கழுவும்போதுதான் அவள் அதை முதலில் பார்த்தாள். வெளுத்துக் கிடந்த குழியின் அடியில், மாதுளை முத்தைப்போலச் சின்னச்சின்னதாக, ஈரமாக, சிவப்பாக ஏதோ துளிர்த்திருந்தது. முகர்ந்து பார்த்தாள். ஒரு வாடையும் இல்லை. மறுநாள் அந்த முத்துகள் இன்னும் கொஞ்சம் நெருங்கியிருந்தன. திங்கட்கிழமை குழியின் அடித்தளமே மேலே வந்திருந்தது.

ரோஸி சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். செவுள் வெளுப்பதை, கண் மங்குவதை, வயிறு தளர்வதை மணி பிசகாமல் சொல்லத் தெரிந்தவள் அவள். ஆனால் சதை எதிர்த்திசையில் நடந்து வருவதை அவள் பார்த்ததே இல்லை. நேற்றையது இன்றையதாக மாறுவதை. யாரும் சொல்லாமல், யாரும் பிடித்துத் தள்ளாமல், இருட்டுக்குள் அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. தன் முழங்கையிலிருந்த பழைய கத்தி வெட்டுத் தழும்பைத் தடவிப் பார்த்தாள். இங்கேயும் இதுதான் நடந்ததா? இத்தனை வருடமும் தெரியாமல் போயிற்றே!

"எக்கா, வந்து பாரேன்" என்று கூப்பிட்டாள்.

கோவிந்தம்மா மூக்கைப் பொத்திக்கொண்டுதான் குனிந்தாள். பிறகு கையை எடுத்துவிட்டாள். டாபியின் முதுகை ஒரு விரலால் தடவிக்கொடுத்தாள். அவளை அப்படி ரோஸி பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இருபத்தெட்டாம் தேதி குழியில் தீக்குச்சி மருந்து நுனிதான் நுழையும். ஆகஸ்ட் நான்காம் தேதி அடியும் மேலும் ஒன்றாகிவிட்டன. ஆறாம் தேதி செவ்வாய்க்கிழமை டாக்டர் ஹம்சினி தாடையைத் தடவி, விளக்கடித்து, "முடிஞ்சுதும்மா. இனிமே கழுவ வேண்டாம்" என்றாள்.

ரோஸிக்கு அது போதவில்லை. குனிந்து தன் கட்டைவிரலை அந்தப் புதிய இளஞ்சிவப்புத் தோலின் மேல் வைத்தாள். மீனுக்கு வைப்பதில் பத்தில் ஒரு பங்கு பலத்தில் ஓர் அழுத்து அழுத்தினாள். எடுத்தாள். பள்ளம் சட்டென்று நிமிர்ந்தது.

"மேடம், ஒண்ணு கேக்கட்டா? குயிக்குள்ள கண்ணு கெடயாது, ஒண்ணும் கெடயாது. அடியிலேர்ந்து ஏறிக்கினே வருதே, எங்க நிக்கணும்னு அதுக்கு எப்டித் தெரியுது? தாடை இத்தோட முடியுது, இனிமே போதும்னு யாரு சொன்னது?"

 டாக்டர் டாபியின் தாடையை இன்னொரு முறை பார்த்தாள்.

"புத்தகத்துல இதுக்கெல்லாம் பேர் இருக்கும்மா. பேர் சொல்லுவேன். நீங்க கேக்கறதுக்கு அது பதில் இல்ல."

ரோஸி தலையாட்டினாள். படித்தவளுக்கும் தெரியாது என்பதில் அவளுக்கு ஏமாற்றம் இல்லை. ஏனோ மனசுக்கு இன்னும் நிறைவாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து டாபியைக் கூண்டில் விட்டுத் தராசைத் துடைத்தாள். எண்ணூற்று எழுபது. காலண்டரில் எழுதிக்கொண்டிருக்கும்போது, கோவிந்தம்மா கடையிலிருந்து திரும்பிப் படியேறி வந்தாள். அவள் கையிலிருந்த கறிவேப்பிலைப் பை சரசரத்தது.

வீக், வீக், வீக்.

இருபத்தொன்பது நாளுக்குப் பிறகு, உயிர் போகிற அவசரத்தோடு.

"பாத்தியாடி!" என்று வாசலில் நின்று கத்தினாள் கோவிந்தம்மா. "ராப்பகலா ஊட்டினது நீ, கூப்டறது என்னியா?"

"ஒன்னிய இல்லக்கா. ஒன் பையி" என்றாள் ரோஸி.  அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கூண்டுக் கம்பியில் இரண்டு கையையும் வைத்து எம்பி நின்று விசிலடிக்கும் அந்தத் தாடையை, அது மேலும் கீழும் அசைவதை, பார்த்தபடியே நின்றாள்.