கல்யாண மண்டபத்தில் ஹேக்கர் கூட்டம்

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் ஹேக்கர் கூட்டம் ஆண்டுதோறும் மர்பி டவுன் கல்யாண மண்டபம் ஒன்றில்தான் நடந்தது. கல்லூரிகளில் கேட்டுப் பார்த்தோம். ஹேக்கர் என்றதுமே திருடர்களைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். மண்டபக்காரர் மட்டும், "ஆடி மாசம் சும்மாதானே கெடக்குது, வாங்க" என்றார். முதல் ஆண்டு பதினோரு பேர். மூன்றாம் ஆண்டில் சமையல் கூடம் வரை ஆள், ஒரே விசில், கூச்சல். கல்யாணத்தில் அடிதடி என்று நினைத்து அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தார்கள்.

எங்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. மண்டப வாசலில் ஒரு கரும்பலகை. அதன் தலையில் பெயிண்டால் இடப்பக்கம் 'மணமகன்', வலப்பக்கம் 'மணமகள்' என்று எழுதியிருக்கும். கூட்டத்துக்கு வந்த கணினிகள் எல்லாம் ஒரே இணைப்பில் இருந்ததால், யாராவது அசட்டையாக மின்னஞ்சலைத் திறந்தால் அவர் பாஸ்வேர்டை எங்கள் தோழி ஒருத்தி பிடித்துவிடுவாள். மாட்டியவர் பெயர் மணமகன் பக்கம் ஏறும், பாஸ்வேர்டு மணமகள் பக்கம். சுற்றி நின்று ஓட்டித் தள்ளுவோம்.

அவள் மர்பி டவுன்காரி. நான் ஆம்பூரிலிருந்து வந்து, பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையின் கணினிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன். அவளுடைய ஸ்கூட்டரில்தான் மானிட்டர்களை மண்டபத்துக்குக் கொண்டுவருவோம். மடியில் மானிட்டரோடு பின்னால் உட்கார்ந்து போன இரண்டு வருடத்தில் எனக்கு அவளை ரொம்பவும் பிடித்துப்போயிற்று. சொல்லத்தான் வாய் வரவில்லை. மறுத்துவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு கூட்டத்துக்குப் போவது?

அந்த மூன்றாம் ஆண்டு, பாஸ்வேர்டை எப்படிப் பத்திரமாக வைத்துக்கொள்வது என்று முக்கால் மணி நேரம் மேடையில் முழங்கியவன் நான்தான். கைத்தட்டல் தலைக்கேறிவிட்டது. இறங்கிய வேகத்தில் பக்கத்திலிருந்த கணினியில் உட்கார்ந்து, பேசியதையெல்லாம் மறந்து, அஞ்சலைத் திறந்தேன். பிறகுதான் உறைத்தது. என் பாஸ்வேர்டு அவளுடைய ஸ்கூட்டர் எண்.

எதிர்வரிசையில் அவள் தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. எழுந்து, சாக்பீஸை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். கூட்டமும் பின்னாலேயே போயிற்று. மணமகன் பக்கம் என் பெயரை எழுதினாள். "மேடையில பேசினவனேவா!" என்று யாரோ கத்த, விசில் பறந்தது. சாக்பீஸோடு கொஞ்சம் நின்றாள். அந்த ஸ்கூட்டர் எண் அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். எழுதாமல் விட்டுவிட மாட்டாளா என்று வேண்டிக்கொண்டேன். அவளோ மணமகள் பக்கம் ஒரு எழுத்து விடாமல் முழு எண்ணையும் எழுதினாள்.

அப்புறம் கிளம்பிய சத்தத்தில் மண்டபக்காரரே, "இன்னாப்பா கலாட்டா?" என்று ஓடி வந்தார். அவள் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"மொதல்ல பாஸ்வேர்டை மாத்து. அப்புறம் எங்க வீட்டுக்கு வந்து பேசு."

பாஸ்வேர்டை அங்கேயே மாற்றினேன். அவள் வீட்டுக்குப் போகத்தான் மூன்று வாரம் ஆயிற்று. ஹேக்கர் என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தவனுக்கு, ஒரு காலிங்பெல்லை அமுக்க அவ்வளவு பயம், அவ்வளவு சந்தோஷம்.