தானாக எரியும் டிவி

ஆல்வினுக்குக் கோயமுத்தூரில் யாரையும் பிடிக்காது. மில்காரர்களைப் பிடிக்காது. அவர்கள் சொல்லுக்குச் சொல் போடும் ‘ங்க’வைப் பிடிக்காது. வாய் நிறைய மரியாதை, மண்டையில் மட்டும் ஒன்றும் ஏறாது என்பான். சிங்காநல்லூரில் பிறந்து அங்கேயே டிப்ளமா முடித்தவன், ஏதோ பெங்களூர் ரயிலிலிருந்து தவறி இங்கே இறங்கிவிட்டதுபோலத்தான் பேசுவான்.

தொண்ணூற்றெட்டில் அவனுடைய கம்பெனி, வெளிநாட்டுக்காரர்களோடு முகம் பார்த்துப் பேசும் வீடியோ கான்பரன்ஸ் பெட்டிகளை விற்றுக்கொண்டிருந்தது. பெருந்துறையில் பாலுசாமியின் மில்லில் ஒன்றை ஆல்வின் மாட்டினான். ஜெர்மனியிலிருந்து அழைப்பு வந்து இணைந்ததும் பெட்டி தன் சீரியல் கேபிள் வழியாக டிவிக்கு ஒரே ஒரு முறை கட்டளை அனுப்பும். டிவி தானாக எரிய வேண்டும். பாலுசாமி திருப்தி என்று சொல்லிவிட்டால் ஆல்வினுக்குப் பெங்களூர் மாற்றல். மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார்.

டிவி எரியவில்லை. ஆல்வின் போய்ச் சோதித்தால் எரிந்தது. அவன் பஸ் ஏறியதும் பழையபடி இருண்டது.

“ஏனுங்க இஞ்சினியரு, இன்னைக்கும் மந்திரிக்க வந்தீங்களாக்கு?” என்றாள் ரிசப்ஷனில் இருந்த அன்புக்கரசி. “வேப்பிலை கொண்டாரச் சொல்லட்டுங்களா?”

“பேய் புடிச்சது டிவிக்கு இல்லீங்க” என்றான்.

கேபிளை மாற்றினான். பெட்டி கட்டளை அனுப்பும் வேகமும் டிவி அதை வாங்கும் வேகமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்தான். டிவியில் செருகியிருந்த முனையைப் பிடுங்கி லேப்டாப்பில் மாட்டி, ஆபீசிலிருந்து ஓர் அழைப்பு விடச் சொன்னான். கட்டளை பிசகாமல் திரையில் வந்து விழுந்தது. பெட்டி சரி, கேபிள் சரி. அப்படியானால் கோளாறு மனிதர்களிடம்தான். இந்த முடிவு அவனுக்கு இனித்தது. கேபிளை மறுபடி டிவியில் செருகிவிட்டு, அடுத்த ஜெர்மன் அழைப்பு வரும்வரை மூலையில் உட்கார்ந்துகொண்டான்.

மணி அடித்தது. பெட்டி அழைப்பை எடுத்தது. அதன் பிறகே பாலுசாமி எழுந்து, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு சுவரோரம் நடந்து, டிவியின் சுவிட்சைப் போட்டார். டிவியில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் வந்து நின்றது. கட்டளை வந்தபோது அதற்குக் கரண்டே இல்லை. முன்பு சோதிக்க வந்தபோதெல்லாம் உள்ளே நுழைந்ததும் அந்தச் சுவிட்சைத் தானே போட்டுவைத்ததும், இன்று லேப்டாப்பிலேயே சோதித்ததால் போடாமல் விட்டதும் ஆல்வினுக்கு அப்போதுதான் உறைத்தன.

“சுவிட்ச எப்பவும் போட்டே வெச்சிருக்கோணுங்க” என்றான்.

“சும்மா கெடக்கற டிவிக்கு எதுக்குங்க தம்பி கரண்டு?”

“பெட்டி சொல்றதக் கேக்கறதுக்குங்க.”

“கேக்கறதுக்குக் கரண்டா? எங்கூட்டு நாய் சும்மாவே கேக்குமுங்க.”

ஆல்வின் லேப்டாப்பைப் பட்டென்று மூடினான். பாலுசாமி குரலைத் தாழ்த்தினார். “கோவிச்சுக்காதீங்க கண்ணு. அடுத்தவாட்டி எங்க சம்பந்தி வாராரு. தானா எரியறத அவரு பாக்கோணும். நான் சுவிட்சப் போட்டொடனே, நீங்க அந்த ஜன்னலுக்கு வெளிய நின்னு ரிமோட்ட அமுக்கிப்போடுங்க. யாருக்குத் தெரியப்போவுது?”

தூ என்று இருந்தது. முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

“சரிங்க” என்றான்.

சம்பந்தி வந்த அன்று வராந்தாவில் நின்று, ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்த பஞ்சைச் சட்டைக்கையால் துடைத்தான். உள்ளே மணி அடித்தது. பாலுசாமி சுவிட்சைப் போட்டார். ஆல்வின் அமுக்கினான். ஜெர்மன்காரர்கள் திரையில் தோன்றிக் கையசைத்தார்கள். சம்பந்தி பதிலுக்குக் கும்பிட்டார்.

பாலுசாமி அன்றே மேனேஜருக்குப் போன் போட்டார். ஒரு கை ஆல்வினின் தோள்மேல் இருந்தது.

“ரொம்பத் திருப்திங்க. தம்பி தங்கமான ஆளு. அவர மட்டும் வேற எங்கயும் அனுப்பிப்போடாதீங்க. அவரில்லாட்டி எங்க டிவி எரியாதுங்க.”

பெங்களூருக்கு வேறொருவன் போனான். ஜெர்மன் அழைப்பு வரும் நாட்களில் ஆல்வின் பெருந்துறை பஸ் ஏறினான். நின்றால் கால் வலிக்கும் என்று பாலுசாமி ஜன்னலுக்கு வெளியே ஒரு ஸ்டூல் போடச் சொல்லியிருந்தார்.