மூடினால் வரும் சத்தம்

கிராம்பைக் கடித்தால் எனக்கு டாப்பெட் சத்தம் கேட்கும். சிரிக்காதீர்கள். போன வாரம் கடலூரில் ஒரு கல்யாணத்தில் பிரியாணி சாப்பிடும்போது கிராம்பு ஒன்று பல்லில் மாட்டிக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகன் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கோ உள்ளே டிக், டிக் என்று ஒரு எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டது. “மாமாவுக்குக் காது மிஷின்ல பேட்டரி தீந்துடுச்சி போல” என்று அவர் என் மகளிடம் சொன்னது மட்டும் நன்றாகவே கேட்டது.

அறுபதுகளின் நடுவில் நான் மஞ்சக்குப்பத்தில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தேன். அன்று கடலூரில் ஓடிய கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் பாதியைத் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். எஞ்சினின் தலையில் வால்வுகள் இருக்கும். அவற்றை அமுக்கித் திறக்க, ராக்கர் என்ற இரும்புக் கைகள் வரிசையாக ஏறி இறங்கும். ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே ஒரு மெல்லிய சந்து விட வேண்டும். சந்து கூடினால் டிக் டிக், அதுதான் டாப்பெட் சத்தம். குறைந்தால் வால்வு கருகிப்போகும். அந்தச் சந்தைச் சரியாக வைப்பதில் எனக்குக் கொஞ்சம் பெயர் இருந்தது. பெயரைவிடத் திமிர் ஜாஸ்தி.

அதனால்தான் சிதம்பரத்திலிருந்து ஆள் வந்தபோது முதலாளி என்னை அனுப்பினார். “அர நாள் வேல. சாயங்காலமே பஸ்ஸப் புடிச்சி வந்துடு” என்றார். மாற்றுத் துணிகூட எடுத்துக்கொள்ளாமல் போனேன்.

அது ஒரு மரைக்காயர் வீடு. கடல் கடந்த வியாபாரம். வீட்டை ஒட்டிய கிடங்கில் கிராம்பும் ஏலமும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். அதன் ஒரு மூலையில் நின்றது கார். சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் சீமைக் கார். மரைக்காயரின் இளைய மாப்பிள்ளை சிங்கப்பூரில் சம்பாதித்து வாங்கியது. அவர்கள் வழக்கத்தில் கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருப்பார். மாப்பிள்ளை வந்தார், கூடவே காரும் வந்தது. கொஞ்ச நாளில் கார் டிக் டிக் என்றது. மரைக்காயர் சாவியை வாங்கித் தன் அகலமான பச்சை பெல்ட்டின் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“சத்தம் நிக்கட்டும் மாப்ளே, சாவி தர்றேன். நடுவழியில நின்னுபோனா எங்களுக்குத்தான கவல?” என்றாராம்.

மாப்பிள்ளைக்கு என் வயதுதான் இருக்கும். நான் ஸ்பேனர் பெட்டியைத் திறப்பதற்குள் பக்கத்தில் வந்து குனிந்தார். “ஞாயித்துக்கெழம மெட்ராஸாண்ட ரேஸுண்ணே. பேரு குடுத்துட்டேன். ஒரே ஒரு தடவ ஓட்டிட்டு வந்துடறேன். அதுக்குள்ள சரி பண்ணிடுவீங்கல்ல?”

“அதுக்குள்ளயா? இன்னிக்கே ஓட்டுங்க” என்றேன். சொன்னேனே, திமிர்.

எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றி, ஒவ்வொரு டாப்பெட்டாகச் சந்து வைத்தேன். ஸ்டார்ட் செய்ய மரைக்காயரே வந்து சாவி போட்டார். ஒரு சத்தமும் இல்லை. பெருமையோடு மூடியை மாட்டினேன். டிக், டிக். திறந்தேன், அடங்கியது. மூடினேன், டிக், டிக். நீளமான ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்து எஞ்சின் முழுக்கக் கேட்டுப் பார்த்தேன். பெட்ரோல் பம்பைச் சந்தேகப்பட்டேன், புகைக்குழாயைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் என் காதையே சந்தேகப்பட்டேன். ஒவ்வொரு முறையும் எஞ்சினை அணைத்ததும் மரைக்காயர் சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போவார்.

சாயங்காலம், “போய்ட்டுக் காலையில வரேங்க மொதலாளி” என்றேன்.

“எங்க போறது? சாப்ட்டு இங்கியே படு தம்பி. கடலூருக்கு ஆள் விட்டுச் சொல்லிடறேன். இன்ஷா அல்லாஹ், சத்தம் நின்ன ஒடனே போவலாம்.”

புதுக் கைலி வந்தது, பிரியாணி வந்தது, பாய் தலையணை வந்தது. மறுநாளும் அப்படியே. ஜெயிலில் களி போட்டாலும் விடுதலைத் தேதி சொல்வார்கள். எனக்கு மூன்று வேளையும் கறிச்சோறு, தேதிதான் இல்லை. கைலியில் கிராம்பு வாசம், குடிக்கிற தண்ணீரில் கிராம்பு வாசம். வாசல்வரை போனால் யாராவது ஓடிவந்து, “என்னா வேணும், நாங்க வாங்கியாறோம்” என்பார்கள்.

மாப்பிள்ளை மூட்டைமேல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். “எனக்கும் இதான்ணே. கேட்டதெல்லாம் குடுக்கறாங்க. வெளிய போறேன்னா மட்டும், எங்க மாப்ளே, யாரு கூட, எப்ப வருவீங்கன்னு ஒரே கேள்வி.” மூத்த மாப்பிள்ளை பினாங்குக்குக் கப்பல் ஏறியவர், வருஷக் கணக்காகத் திரும்பவில்லையாம். மூத்த பெண் அந்த வீட்டிலேயே இருந்தாள். “மாமா பயப்படறாரு. பயம் நாயந்தான். ஆனா ஓடிப்போனது நான் இல்லியே” என்றார்.

சனிக்கிழமை மத்தியானம், வெறுத்துப்போய் மூடியை மல்லாக்க வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கூரைக் கண்ணாடி வழியாக விழுந்த வெயிலில், மூடியின் உட்புறம் ஓர் அரிசி அளவு பளபளத்தது. விரலால் தடவினேன். ஏதோ இடித்து இடித்துத் தேய்ந்த இடம். ஆயில் கசியாமல் இருக்க மூடிக்கு அடியில் வைக்கும் பேக்கிங்கை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். மெல்லிய அட்டை.

வீட்டு டிரைவர் கோவிந்தசாமியைக் கேட்டேன். “நாந்தான் போட்டேன் தம்பி” என்றார் பூரிப்போடு. “முன்ன தக்க பேக்கிங் இருந்திச்சி. ஆயில் கசிஞ்சி வாசல் பூரா கற. நம்ம வூட்ல சீமச் சட்டப் பொட்டிக்கா பஞ்சம்? அட்டைய பிளேடால வெட்டிப் போட்டேன். அப்பறம் ஒரு சொட்டு வந்துச்சா, கேளு!”

வரவில்லைதான். ஆனால் தடித்த தக்கை போய் மெல்லிய அட்டை வந்ததில் மூடி கீழே இறங்கிவிட்டது. ரேஸுக்காக ராக்கர்கள் கொஞ்சம் கூடுதலாக எழும்பும்படி மாப்பிள்ளை சிங்கப்பூரிலேயே மாற்றி வைத்திருந்தார். ஒரு ராக்கரின் திருகாணி ஒவ்வொரு தடவையும் மூடியில் போய் முட்டியிருக்கிறது. மூடியைத் திறந்துவிட்டால் முட்ட ஒன்றும் இல்லை, சத்தமும் இல்லை. அவர்கள் சட்டைப் பெட்டி அட்டையிலேயே இன்னும் சில அடுக்கு வெட்டிப் போட்டு மூடியை இறுக்கினேன்.

மரைக்காயர் வந்து சாவி போட்டார். எஞ்சின் நிதானமாக உறுமியது. டிக் இல்லை. மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மரைக்காயர் தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டார். பிறகு சொன்னார்: “இருக்குதே.”

“இல்ல மொதலாளி, மூடியில இடிச்சிது, இப்ப…”

“ஒனக்குக் கேக்கல. எனக்குக் கேக்குது.”

ஸ்க்ரூ டிரைவரை நீட்டினேன். காதில் வைத்துக் கேட்டார். “இருக்குது” என்றார் மறுபடியும். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. உள்வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே திரைக்கு அடியில் அவருடைய மகள்கள் இருவரின் பாதங்கள் தெரிந்தன.

மாப்பிள்ளையும் அந்தப் பக்கம் பார்த்தார். மாமனார் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டார். இப்போது சண்டை வெடிக்கப்போகிறது என்று நான் பின்னால் நகர்ந்தேன்.

“ஆமா மாமா,” என்றார். “இருக்குது.”

மரைக்காயர் எஞ்சினை அணைத்தார். சாவி பெல்ட்டுக்குள் போனது. என்னை அப்போதே அனுப்பிவிட்டார்கள்.

வாசல்வரை மாப்பிள்ளை வந்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “ஏங்க அப்டி சொன்னீங்க? சத்தந்தான் இல்லியே!”

“இல்லதாண்ணே” என்றார். “நல்லா பண்ணியிருக்கீங்க.” திரும்பி உள்ளே போய்விட்டார்.

பஸ் புதுச்சத்திரம் தாண்டும்வரை எனக்கு அழுகை வந்துகொண்டே இருந்தது. வெளியே வந்ததில் எனக்குச் சந்தோஷமே இல்லை.

அந்தக் கிடங்கு இருந்த இடத்தில் இப்போது வரிசையாக செல்போன் கடைகள். சிவப்புக் கார் யார் கைக்குப் போயிற்றோ தெரியவில்லை. மாப்பிள்ளை கடைசிவரை அந்த வீட்டிலேயே இருந்தார் என்று கேள்விப்பட்டேன். அன்று அந்த எஞ்சினில் சத்தம் இல்லை என்பது மூன்று பேருக்குத் தெரியும். மற்ற இருவரும் இருக்கிறது என்று சொல்லிவிட்டே போய்ச் சேர்ந்தார்கள்.